கழுவிவிட்ட சிவப்புக் கோடு

இன்சூரன்சுக்கு அலைவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பயம் மட்டும் நாள் தவறாமல் கைக்கு வந்து சேரும். நான் அந்த உத்தியோகத்தில் நாலு மாதம் இருந்தேன். எட்டாவது வரை படித்தவள். ஆந்திராப் பக்கம் நகரியில் விசைத்தறி ஓடுகிற வீடு எங்களுடையது. கார் என்றால் எனக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், நடுவில் சாமி பேரைச் சொல்லத் தெரியும். அவ்வளவுதான். உங்கள் வண்டியையும் யாராவது வந்து இடித்துவிட்டு, இடித்தவர் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொள்ள, நீங்கள் மட்டும் ஃபைலும் கையுமாக வராந்தாவில் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே ஆபீஸ்காரர்கள். கேளுங்கள்.

பிரசாதம்

எங்கள் மகன் சரவணன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறான். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவன் பிடிக்கிற ஸ்டீரிங்கால்தான். அவனுக்கு லீவு வந்த ஒரு நாள், தன்னுடைய பழைய வெள்ளைக் காரில் என்னையும் அவன் நைனாவையும் திருமலைக்குக் கூட்டிப் போனான். நல்ல தரிசனம். திரும்பும்போது மத்தியானம் மூணு மணி இருக்கும். முன் சீட்டில் என் வீட்டுக்காரர் தூக்கம். நான் பின்னால், மகனுக்கு நேர் பின்புறம். வழக்கமாக நான் இடதுபக்கக் கதவோரம்தான் உட்காருவேன். அன்றைக்கு அந்த இடத்தில் லட்டுப் பையை வைத்திருந்தேன்.

லாரி எதிரே வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா சொல்வேன். லாரி போகிற வரைக்கும் திறக்க மாட்டேன். புத்தூருக்கு முன்னால், நாராயணவனத்துக்குக் கிளை ரோடு பிரிகிற இடத்தில் ஒரு லாரி வந்தது. கண்ணை மூடினேன். மூணாவது கோவிந்தா வாயில் இருக்கும்போதே டமார் என்று சத்தம். கண்ணைத் திறந்தால் லட்டுப் பை என் மடியில் கிடக்கிறது. இடதுபக்கக் கதவு உள்ளே வந்திருக்கிறது. வெளியே ஒரு சிவப்புக் கார், மூக்கை எங்கள் கதவில் வைத்தபடி நிற்கிறது. கிளை ரோட்டிலிருந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏறி வந்துவிட்டார் என்று சரவணன் சொன்னான்.

சிவப்புக் காரிலிருந்து இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் நாமம். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். போலீசுக்குப் போன் போடு என்றார் ஒருத்தர். உயிரோடு இருக்கிறோமே என்று, உடைந்துபோன லட்டுப் பையைப் பிரித்து அங்கே நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். சிவப்புக் கார்க்காரரும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். பிரசாதம் வாங்கின கை பொய் சொல்லுமா? போலீஸ் வேண்டாம் கண்ணு, அனுப்பிடு என்று நான்தான் மகனிடம் சொன்னேன். சரவணன் வண்டி நம்பரை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டான். போகும்போது அவர் சொன்னது: "அம்மா, சாமி பிரசாதம் கையில வெச்சிக்கினு சொல்றேன், தப்பு என்னுதுதான், எல்லாம் நான் பாத்துக்கறேன், பயப்படாம போங்க."

திருஷ்டி

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே சரவணன் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். வாசல் தெளிக்க வந்த நான் காரைப் பார்த்தேன். முந்தின நாள் பதட்டத்தில் சரியாகப் பார்க்கவில்லை. வெள்ளைக் கதவில் வாணலி அளவுக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, இழுத்துவிட்ட மாதிரி. பெயிண்ட்தான் என்று புத்திக்குத் தெரிகிறது, வயிறு கேட்க மாட்டேன் என்கிறது. நான் உட்காருகிற இடம் அது. அங்கே லட்டுக்குப் பதிலாக நான் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு என்னவாக இருந்திருக்கும்? செம்பை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடிபட்ட வண்டியை அப்படியே நிறுத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் வீட்டுக்காரர் பூசணிக்காய்க்கு ஓடினார். நான் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஊற்றிக் கழுவினேன். அந்தக் கோடு மட்டும் போகவில்லை. தறியில் எண்ணெய்ப் பிசுக்கு துடைக்க வைத்திருக்கிற மண்ணெண்ணெயைக் கழிவு நூலில் தொட்டு, அரை மணி நேரம் தேய்த்தேன். கதவு பளிச்சென்று ஆனது. பள்ளத்தின் நடுவில் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயை உடைத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பதினோரு மணிக்கு சரவணன் போன் செய்தான். "அம்மா, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கிட்ட பேசிட்டேன். நாளைக்கு சர்வேயர் வராரு. அவரு பாக்கற வரிக்கும் வண்டிய யாரும் தொடக் கூடாதாம்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "யாரும் தொடலடா! அம்மாவும் நானும் நல்லா அலம்பிதான் வெச்சிருக்கிறோம், புது வண்டி மாதிரி கீது, வந்து பாரு!"

சித்தூர் சர்வேயர்

சித்தூரிலிருந்து வந்த சர்வேயர் ஒல்லியாக இருந்தார். தெலுங்குக்காரர், ஆனால் எங்களைப் போலவே தமிழும் பேசினார். காபி வேண்டாம் என்றுவிட்டு நேராகக் கதவிடம் போய்க் குனிந்தார். விரலால் தடவினார். அப்புறம் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "ஏம்மா, மண்ணெண்ணெய்?" என்றார். மறைக்கத் தெரியவில்லை. மஞ்சள் தண்ணீர், கழிவு நூல், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ரெண்டு வண்டி மோதினால் இதன் பெயிண்ட் அதில் ஒட்டும், அதன் பெயிண்ட் இதில் ஒட்டும், இடித்தவன் போட்டுவிட்டுப் போகிற கையெழுத்து அதுதான் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் இந்தப் பள்ளம் கார் இடித்ததா, மைல்கல்லில் நீங்களே போய் மோதிக்கொண்டதா என்று ஆபீசில் கேட்பார்களாம். "ஆனா அவரு தப்ப ஒத்துக்கினாரு சார், பிரசாதம் வாங்கினாரு" என்றேன். அவர் பையை மூடிக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா இடிச்ச வண்டி பாக்கறேன், சாட்சிக்கே மஞ்சத் தண்ணி ஊத்தி குங்குமம் வெச்ச வீட்டை இன்னிக்கிதாம்மா பாக்கறேன்."

ரெண்டு ஜில்லா

அதற்குள் கம்பெனியில் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன் ஆக்சிடெண்ட் செய்தால் அங்கே ஒரு சட்டம் உண்டாம். தப்பு உன்னுடையது இல்லை என்று பேப்பர் கொண்டு வா, அதுவரை ஸ்டீரிங் கிடையாது, குடோனில் பெட்டி தூக்கு என்று சொல்லிவிட்டார்கள். பேப்பர் வரவே இல்லை என்றால், வேலையும் இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு, தூக்கம், சாமி எல்லாமே அந்தப் பேப்பர்தான்.

பேப்பருக்கு முதலில் போலீஸ் வேண்டும். நகரி ஸ்டேஷனில், உங்கள் வீடு சித்தூர் ஜில்லா, இடித்த இடம் திருப்பதி ஜில்லா, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால், இத்தனை நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்றார்கள். கடைசியில் ஹெட் கான்ஸ்டபிள் ஒருத்தர் இரக்கப்பட்டு, நம்பரை வைத்து சிவப்புக் கார்க்காரரைக் கண்டுபிடித்துப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். அதே குரல். அன்றைக்கு அவர் கார் திருப்பதியில் அவர் வீட்டு ஷெட்டை விட்டே வெளியே வரவில்லையாம். நாராயணவனம் பக்கம் போய் ஒரு வருஷம் ஆகிறதாம். எங்களை யாரென்றே தெரியாதாம். இப்படி நிதானமாக ஒரு பொய்யை நான் அதுவரை கேட்டதில்லை.

"போட்டோ எடுத்தியாப்பா?" என்று சரவணனைக் கேட்டார் ஹெட் கான்ஸ்டபிள். "அம்மா பிரசாதம் குடுத்துக்கினு இருந்தாங்க சார், அந்த நேரத்துல போனை நீட்ட மனசு வரல" என்றான். அங்கே கூடி நின்றவர்கள் யார் பேராவது தெரியுமா என்றார். தெரியாது. நான் மட்டும் விடவில்லை. "சார், அவரு எங்க லட்டு துன்னாரு சார், கண்ணுல ஒத்திக்கினு துன்னாரு" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, துன்னதுக்கு ரசீது எதனா வாங்கினியா?"

மீன் வேன்காரர்

திருப்பதி இன்சூரன்ஸ் ஆபீசில் சுவரோரமாக ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கென்று ஒரு இடமே வந்துவிட்டது. உள்ளே இருக்கிற அம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் ஒரு நாள், "நீங்களே எதுலயோ மோதிட்டு இன்னொரு வண்டி மேல சொல்றதா எழுதிட்டாங்கன்னா, ஃபைலை மூடிடுவாங்கம்மா, அப்புறம் உங்க பையன் பேர்ல பொய் க்ளெயிம்னு நிக்கும்" என்றாள். அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்த வழி எனக்கு ஞாபகமில்லை. வேலை போகும் என்று பயந்துகொண்டிருந்தவள், இனிமேல் பிள்ளை பேரும் போகும் என்று பயப்பட ஆரம்பித்தேன்.

அந்தப் பெஞ்சில் எனக்குத் துணை, சூளூர்பேட்டையிலிருந்து வருகிற மீன் வேன்காரர். பின்னால் வந்த லாரி இவர் வேனைத் தட்டிக் கவிழ்த்துவிட்டதாம். பெட்டி பெட்டியாக மீன் ரோட்டில். ஊரே கூடிப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டதாம். இப்போது ஆபீசில், எவ்வளவு மீன் இருந்தது, மீனோடு போட்டோ கொடு என்கிறார்களாம். "போட்டோ எடுக்கணும்னா குழம்பு சட்டில போய்தான் எடுக்கணும்" என்று சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து, உங்களுக்குப் பயமே இல்லையா அண்ணா என்று ஒரு நாள் கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே அவர் பேரைக் கூப்பிடுகிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "வண்டி கவுந்தப்ப ஒரு நிமிசம்தாம்மா பயந்தேன், இந்தப் பெஞ்சுல குந்திக்கினு எட்டு மாசமா பயந்துக்கினு கீறேன்."

ஒத்திகை

சர்வேயர் எங்களைத் தன் சித்தூர் ஆபீசுக்கு வரச் சொன்னார். வண்டியில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவாராம். என் வீட்டுக்காரருக்குக் கவலை இல்லை. தூங்கிக்கொண்டிருந்தேன் என்று ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மிச்சம் நான்தான். ஏஜெண்ட் முந்தின நாளே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்: சிவப்புக் கார் இடது கைப்பக்கமிருந்து வேகமாக வந்ததைப் பார்த்தேன், ஹாரன் அடிக்கவில்லை, பிரேக் போடவில்லை. சித்தூரில் இருக்கிற என் மகள் கலா வீட்டில் ராத்தங்கல் இல்லை, காலையிலேயே போய் இறங்கினோம். அவள் தோசை சுட்டுக்கொண்டே சர்வேயர் மாதிரி குரலை மாற்றிக் கேள்வி கேட்டாள். நான் ரெண்டாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். "எம்மா, இப்பிடி ஒப்பிச்சா ஸ்கூல்ல கூட நம்ப மாட்டாங்க, கொஞ்சம் தடுமாறி சொல்லு" என்றாள். பொய்யைத் தடுமாறிச் சொல்லக்கூடப் பழக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அவள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். என் பிள்ளைக்காக ஒரு வார்த்தை, நடந்ததும் உண்மைதானே, நான் பார்க்கவில்லை என்பதுதானே குறை என்று கேட்டேன். ஆபீசில் சர்வேயர் பேப்பரை எடுத்து வைத்து, "அம்மா, மீரு சூசாரா? இடிக்கறத நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றார். வாயைத் திறந்தேன். பாடம் முழுக்க அங்கேயே இருந்தது. ஆனால் வந்தது வேறே. "இல்ல சார். கண்ண மூடிக்கினு கோவிந்தா சொல்லிக்கினு இருந்தேன். சத்தம்தான் கேட்டேன். தொறந்தப்ப சிவப்புக் காரு நின்னுக்கினு இருந்திச்சி." அவர் பேனா நின்றது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து சரவணனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான். பெட்டி தூக்கித் தூக்கி அவன் விரல் கணுவெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். புத்தூர் தாண்டினபோது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான்: "நான் கண்ணத் தொறந்துக்கினுதானம்மா ஓட்டினேன், எனக்காக ஒரு நிமிசம் நீயும் தொறந்துக்கினு இருந்ததா சொல்லியிருக்கக் கூடாதா?"

பச்சை கேட்

அதற்குப் பிறகு போன் மணி அடித்தாலே கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். சரவணன் வீட்டில் சாப்பிடுவான், போவான், வருவான். பேச்சு மட்டும் இல்லை. கம்பெனியில், இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டதாக அவன் நைனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஃபைல் மூடிவிட்டோம் என்று சொல்லத்தான் போன் வரும் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அதனால் ஒரு நாள் மத்தியானம் சர்வேயர் பேசியபோது, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

திருப்பதியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேறொரு க்ளெயிமுக்காக வண்டி பார்க்கக் கூப்பிட்டார்களாம். போனால் சிவப்புக் கார். நம்பரைப் பார்த்தால், எங்கள் ஃபைலில் இருக்கிற அதே நம்பர். ஷெட்டை விட்டே வராத கார்! முன் பம்பர் உடைந்திருக்கிறதாம். அந்த மனுஷர், வீட்டு கேட்டில் இடித்துக்கொண்டேன் என்று தன் இன்சூரன்சில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பம்பரை மாற்றிக்கொள்ளும் ஆசையை விட முடியவில்லை. பம்பர் முழுக்க வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதாம், எங்கள் கதவுப் பள்ளத்தின் உயரத்திலேயே. சர்வேயர் அதோடு விடாமல் அவர் வீட்டுக்கே போய் கேட்டைப் பார்த்திருக்கிறார். கேட் பச்சை நிறம், ஒரு கீறல் கூட இல்லையாம். போட்டோவெல்லாம் எடுத்து, ரெண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதி அனுப்பிவிட்டாராம்.

நான் கையில் கரண்டியோடு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "சார், எத்தினியோ வண்டி பாக்கறீங்க, எங்க ஃபைலு எப்பிடி சார் ஞாபகம் வந்திச்சி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பொய் க்ளெயிம் போடறவங்க எல்லாரும் கண்ண நல்லா விரிச்சி பாத்ததாதாம்மா எழுதுவாங்க, மூடிக்கினு இருந்தேன்னு எழுதிக் குடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தான், அதெப்பிடி மறக்கும்?"

சிவப்புக் கார்க்காரர் ஸ்டேஷனுக்கு வந்து ஒத்துக்கொண்டார், ராஜியாகப் போய்விடலாம் என்று என் முன்னால் கையும் கூப்பினார், அதே ரெண்டு கை. பேப்பர் வந்தது, மாதக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்னால் சரவணன் பஸ்சில் ஏறினான். ஏறும்போது, போய்ட்டு வரேம்மா என்றான். எல்லோரும் உண்மை ஜெயித்தது என்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அவர் மட்டும் பம்பருக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னமும் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா சொல்கிறேன்.

நாலு மாத அனுபவத்தில் நான் கற்றது இதுதான்: இடித்தவருக்குப் பேராசை வந்து மாட்டிக்கொள்கிற வரைக்கும், பயந்துகொண்டிருக்கிற வேலை முழுக்க இடிபட்டவர்களுடையது.